ரீச்சரின் றங்குப் பெட்டி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் புகழ்பெற்ற மாணவிகளைப் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் எங்களைக் கேட்டார். பேராசிரியர்கள், நீதிபதிகள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள் என்று நீளும் அந்தப் பட்டியல் மலரின் வேறு பக்கங்களில் வருகிறது. அந்தப் பட்டியலில் இதுவரை இடம்பெறாத ஒருவரைப் பற்றியும், அவர் விட்டுச் சென்ற ஒரு றங்குப் பெட்டியைப் பற்றியும் பேச அனுமதி கேட்டோம். பெரிய மனதோடு தந்தார்கள்.

நாங்கள் என்று சொல்வது உயர்தரம் ஒன்றாகப் படித்த ஐந்து பேரை. ஒருத்தி நூலகர், ஒருத்தி கணக்காளர், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி ரொறன்ரோவில் குடியிருப்பவள், ஒருத்தி வைத்தியர். ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளிவிடப்பட்டது வைத்தியர் என்பதால் உவமைகள் கொஞ்சம் வைத்தியசாலைப் பக்கம் சாயும். பொறுத்தருளுங்கள்.

அவர் நம் கல்லூரியில் படித்தவர். வேறொரு பாடசாலையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்க அவரை ரீச்சர் என்றே அழைத்தது. அவருடைய ஊர்க் காட்சிக்கூடத்தில் பெயரும் படமும் இருக்கின்றன. இந்த மலர் உலகமெல்லாம் போவதால் இங்கே பெயர் வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டார். ஆகவே நாங்களும் ரீச்சர் என்றே சொல்கிறோம்.

1998 சனவரி 29ஆம் திகதி யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஏ9 பாதை மூடியிருந்த காலம். ஊரடங்கும் சோதனைச் சாவடியும் அன்றாடமாக இருந்த காலம். 1995 இடம்பெயர்வில் போனவர்களில் பலர் அப்போதுதான் கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். அந்தத் தேர்தலில் ரீச்சர் தன் பிரதேச சபைக்கு உறுப்பினராகத் தெரிவானார். எந்தக் கட்சி என்பது காட்சிக்கூடத்தில் எழுதியிருக்கிறது. இங்கே அது எங்கள் விடயம் அல்ல.

பெட்டி எங்களிடம் வந்தது தற்செயலாகத்தான். ரீச்சர் காலமாகி ஓராண்டு கழிந்தபின் மகள் வெளிநாட்டிலிருந்து வீட்டைத் திருத்தி வாடகைக்கு விட வந்தார். மேசன்மார் வேலை தொடங்குமுன் பின்விறாந்தையில் கிடந்ததை எல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குவித்தார்கள். எரிக்க நெருப்புப்பெட்டி தேடிய நேரத்தில், துக்கம் விசாரிக்கத் தாமதமாகப் போன எங்களில் ஒருத்தி அந்தக் குவியலில் நம் கல்லூரிச் சின்னம் பொறித்த ஒரு உறையைக் கண்டாள். "பிள்ளை, உதுகள் பழைய கடதாசிதானே, வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று மேசனார் கேட்டாராம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த உரை.

முதலில், இப்படியானவற்றை ஏன் வைத்திருக்க வேண்டும்?

பெரிய தலைவர்களின் கடதாசிகளுக்கு எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியில் முதன்முதல் தெரிவான சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் கடிதங்களும் ஆவணங்களும் இன்று ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. குடும்பத்தார் காத்து வைத்திருந்து கொடுத்ததால் ஆராய்ச்சியாளர்களுக்கு அவை கிடைத்தன. எங்கள் ரொறன்ரோத் தோழி அதைச் சொன்னபோது எங்களுக்குப் பெருமையும் வந்தது, ஒரு கேள்வியும் வந்தது. நம் ஊரின் ஒழுங்கைக்கு மதகு போட்டவர், சந்தைக்குக் கூரை கேட்டவர், மயானத்துக்கு மதில் கட்டுவித்தவர் ஆகியோரின் கடதாசி எங்கே இருக்கிறது?

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை. வீதி, வடிகால், சந்தை, பொதுச் சுகாதாரம், நூலகம், மயானம், தெருவிளக்கு என்று நம் வாசலிலிருந்து தொடங்கும் வேலைகள் அவற்றுடையவை. ஒரு நாட்டின் வரலாற்றைப் பாராளுமன்றப் பதிவேட்டில் படிக்கலாம். ஓர் ஊர் போருக்குப் பிறகு எப்படி எழுந்து நின்றது என்பதை உறுப்பினரின் கொப்பியில்தான் படிக்கலாம்.

இதில் பெண்களின் பங்கு இன்னும் விரைவாக அழிந்து போகிறது. 1931இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அங்கே நுழைந்த முதல் தமிழ்ப் பெண் அவர். ஆயினும் அதன்பின் உள்ளூர் மன்றங்களில் பெண்களைக் காண்பது அரிதாகவே இருந்தது. நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது 2018 தேர்தலில்தான். இன்று சபையில் இருக்கும் எங்கள் தங்கைமார், தங்களுக்கு முன் அங்கே யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், எப்படித் தோற்றார்கள் என்று அறிய எங்கே போவார்கள்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின என்று நாம் சொல்லிச் சொல்லி அழுகிறோம். அழத்தான் வேண்டும். ஆனால் அதன்பின் நம் கிணற்றடிகளில் நாமே எரித்ததற்குக் கணக்கு இல்லை.

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது? மாலை, பொன்னாடை, பாராட்டுப் பத்திரம் நிறைந்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம். பொன்னாடைகள் நாலைந்து இருந்தன. அவற்றைக் கடதாசிகளின் மேல் தூசி படாமல் ரீச்சர் போர்த்தியிருந்தார். கீழே, ஒற்றைரூல் கொப்பிகளில் எழுதிய சபைக் கூட்டக் குறிப்புகள். தேர்தல் துண்டுப்பிரசுரம் இரண்டு. வேட்பாளர் அடையாள அட்டை. எந்த ஒழுங்கையில் எத்தனை மின்கம்பம், எதில் விளக்கு எரியவில்லை என்று கையால் கீறிய படம். மதகுக்கான மதிப்பீட்டுத் தாள். கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் பட்டியல். திறப்பு விழாவில் வெட்டிய நாடாத் துண்டு ஒன்று, திகதி எழுதிய கடதாசியில் சுற்றியபடி. ஒலிநாடாக்கள். ஒட்டும் பிளாஸ்ரிக் பக்க அல்பத்தில் மஞ்சளாகிப் போன படங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ச்சனம் அவருக்கு எழுதிய மனுக்கள், கட்டுக் கட்டாக.

அவர் மீதான முறைப்பாடும் இருந்தது. மதகு முதலில் ரீச்சரின் சொந்தக்காரர் இருக்கும் ஒழுங்கைக்குத்தான் வந்தது என்று ஒருவர் காரமாக எழுதியிருந்தார். ரீச்சர் அதைக் கிழிக்கவில்லை. மற்றவற்றோடு அடுக்கி வைத்திருந்தார். நாங்களும் அதை எடுக்கவில்லை. புகழுரை மட்டும் வைத்தால் அது நினைவு மண்டபம். காட்சிக்கூடம் என்றால் குறையும் இருக்க வேண்டும்.

நல்ல மனதோடு நாங்கள் செய்த பிழைகளையும் சொல்கிறோம். உங்கள் வீட்டில் அவற்றை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

முதல் பிழை, அடுக்கியது. பெட்டி வந்த முதல் சனிக்கிழமையே உட்கார்ந்து ஒரு கட்டை அவிழ்த்துத் திகதி வாரியாக அடுக்கினோம். நூலகத் தோழி பின்னேரம் வந்து தலையில் கை வைத்தாள். ரீச்சர் அவற்றை ஒழுங்கை ஒழுங்கையாகக் கட்டியிருந்தார். எந்த மனுவை எதனோடு சேர்த்துக் கட்டினார் என்பதும் ஒரு தகவல். நோயாளியின் கோவையில் தாள்களை நிறம் பார்த்து அடுக்கினால் நோயின் போக்கு எப்படித் தெரியும்? ஒரு கட்டின் ஒழுங்கு அன்றோடு போய்விட்டது. மற்றக் கட்டுகளை அவிழ்க்குமுன் படம் எடுத்து, இலக்கம் இட்டு, அவர் வைத்த வரிசையிலேயே வைத்தோம்.

இரண்டாவது பிழை, லமினேற் செய்தது. துண்டுப்பிரசுரம் கிழியாமல் இருக்கட்டும் என்று நகரத்தில் கொண்டுபோய்ச் செய்துவிட்டோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுப்பது பெரும்பாடு. நல்ல வேளையாக இரண்டு பிரதி இருந்தன. ஒட்டுநாடாவும் அப்படித்தான். சில ஆண்டில் பசை பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும்.

மூன்றாவது, பக்ஸ் தாள்கள். ஒரு நிறுவனத்திலிருந்து வந்த பக்ஸ் ஒன்று வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. வைத்தியர்களாகிய எங்களுக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். ஈசிஜி எடுக்கும் தாளும் அதே வகைதான், சூட்டில் எழுத்து விழும், காலத்தில் மறையும். அதனால்தான் அதை வாட்டில் உடனே பிரதி எடுத்துக் கோவையில் வைப்போம். உங்களிடம் அப்படி ஏதும் இருந்தால் இன்றே பிரதி எடுங்கள்.

இனிச் சரியாகச் செய்தவை. துருப்பிடித்த கிளிப்புகளையும் ஸ்ரேப்பிள் கம்பிகளையும் மெதுவாக நெம்பி எடுத்தோம். பருத்தி நாடாவால் கட்டினோம். அமிலமில்லாத பெட்டிகள் கொழும்பிலிருந்து வரும்வரை கழுவிக் காயவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தோம். ஏட்டைத் துணியில் சுற்றி வைத்த பாட்டன்மார் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். நிலத்திலும் சுவரோரத்திலும் எதையும் வைக்கவில்லை. நம் ஊரில் கறையான் சுவரால்தான் வரும், மாரி ஈரமும் சுவரால்தான் வரும். படங்களின் பின்புற ஓரத்தில் பேனாவால் எழுதாமல் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதினோம். தாள்களை மின்வருடி, பிரதியை மூன்று இடத்தில் வைத்தோம். ஒன்று காட்சிக்கூடத்தில், ஒன்று வேறொரு வன்தட்டில் கல்லூரியில், ஒன்று கடல் கடந்து. ஒரே இடத்தில் வைத்து இழந்த சனம் நாங்கள். இதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் வாக்குவாதம் வந்தது. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. நம் கல்லூரியிலும் ஓர் அறை கேட்டிருக்கலாம். ஆனால் மின்கம்பம் கீறிய அந்தப் படம் அந்த மின்கம்பங்களுக்குக் கிட்ட இருந்தால்தான் அதற்குப் பொருள். அதனால் மூலப் பிரதிகள் ரீச்சரின் ஊரிலேயே, சனசமூக நிலையத்தின் மேல்மாடியில் வைக்கப்பட்டிருக்கின்றன. கீழே பத்திரிகை வாசிக்க வரும் ஐயாமார்தான் மேலே வந்து, படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் சொன்னார்கள். மகள் முறைப்படி கொடைப் பத்திரம் எழுதிக் கையொப்பம் இட்டார். என்ன கொடுக்கப்பட்டது, யார் பொறுப்பு, எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. உறவென்றாலும் நட்பென்றாலும் அந்தப் பத்திரத்தை எழுதாமல் எதையும் வாங்காதீர்கள்.

காட்டக்கூடாதது என்றோம். மனுக்களைத்தான் சொல்கிறோம். மலசலகூடம் இல்லை, வளர்ந்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு தாய். கணவர் எங்கே என்று தெரியாது, நிவாரண அட்டையில் பெயர் விட்டுப்போனது என்று இன்னொரு தாய். காசநோய்க்கு மருந்து எடுக்கிறேன், பேருந்துக்குக் காசில்லை என்று ஓர் ஐயா. அவர்கள் ரீச்சரை நம்பி எழுதினார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஊரார் படிப்பதற்காக எழுதவில்லை. நோயாளி சொன்னதை வெளியில் சொல்லாதே என்று எங்களுக்கு முதல் நாளே படிப்பித்தார்கள். அந்த விதியையே இங்கும் வைத்தோம். பட்டியலில் கிணறு, விளக்கு, நிவாரணம் என்று பொருள் மட்டும் இருக்கும். பெயர் இராது. எழுதியவரோ அவருடைய பிள்ளைகளோ வந்து கேட்டால் மட்டும் கடிதத்தைக் காட்டுவோம்.

ஒரு நாள் ஒரு பெண் வந்தார். தாயார் எழுதிய மனு ஏதும் இருக்குமோ என்று கேட்டார். இருந்தது. கிணற்றுக் கட்டு உடைந்ததைப் பற்றிய அரைப்பக்கக் கடிதம். அதைக் கையில் வாங்கியவர் உடைந்த கிணற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அம்மான்ர எழுத்து வேற ஒண்டும் எங்களிட்ட இல்லை" என்றார். இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எல்லாம் போய்விட்டதாம். பிரதி எடுத்துக் கொடுத்தோம். மேசனாரின் கேள்விக்கு அன்று எங்களிடம் முழுப்பதில் இருந்தது.

இனிக் கடைசி விடயத்துக்கு வருகிறோம். இதைச் சொல்லவா விடவா என்று பல நாள் யோசித்தோம்.

எரியப்போன குவியலில் எங்கள் தோழியின் கண்ணில் பட்ட அந்தக் கல்லூரிச் சின்ன உறைக்குள் இருந்தது நம் சங்கத்தின் கடிதம். 1998இல் எழுதியது. ரீச்சர் அப்போது நம் செயற்குழுவில் இருந்தார். நாட்டு நிலைமையைக் கருதி இனிச் செயற்குழுக் கூட்டங்களுக்கு அவர் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று மிகவும் மரியாதையான சொற்களில் அந்தக் கடிதம் சொன்னது.

அந்த ஆண்டு என்ன ஆண்டு என்பதை இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலின் வழியாக யாழ்ப்பாண மாநகரின் முதல் பெண் முதல்வராக வந்தவர் சரோஜினி யோகேஸ்வரன் அம்மையார். மே 17ஆம் திகதி அவர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வரான பொன். சிவபாலன் அவர்கள் செப்ரெம்பர் 11ஆம் திகதி மாநகர சபையில் வெடித்த குண்டுக்குப் பலியானார். உறுப்பினர் ஒருவரின் பக்கத்தில் நிற்பதற்கே சனம் அஞ்சிய காலம். சங்கத்தில் இருந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகளை நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பார்கள்.

எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் வெள்ளைச் சீருடையோடு விருந்தினரை இருத்தும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு. ரீச்சர் வந்தார். முன்வரிசையில் இடம் இருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே நாங்கள் அவரைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப் போனோம். அவர் எங்கள் கன்னத்தைத் தட்டிவிட்டு இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாகவே இருந்தன.

அந்தக் கடிதத்துக்கு அவர் பதில் எழுதியதற்கு அடையாளம் இல்லை. ஆனால் அதே உறைக்குள் நம் சங்கத்தின் சந்தாப் பற்றுச்சீட்டுகள் இருந்தன. 1998, 1999, 2000 என்று ஓராண்டும் விடாமல் கட்டியிருந்தார்.

கடிதத்தைக் காட்சிக்கு வைப்பதா? எங்களுக்குள்ளேயே பிரிவு வந்தது. நூற்றாண்டு நேரத்தில் நம் சங்கத்தை நாமே குறைசொல்வதா என்று ஒருத்தி. மகளிடம் கொடுத்துவிடுவோம் என்று ஒருத்தி. நம் பெயர் கெடும் என்று எடுத்துவிட்டால், ஊர்க்காரரின் முறைப்பாட்டை வைக்க நமக்கு என்ன உரிமை என்று இன்னொருத்தி. கடைசியில் அந்தக் காலச் செயற்குழுவில் இருந்து இன்று முதுமையில் இருக்கும் ஓர் அக்காவிடம் போனோம். கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வையுங்கோ பிள்ளையள். நாங்கள் பயந்தது உண்மை. நாங்கள் பயந்தது தெரியாட்டில் அவ நிண்டது எப்பிடித் தெரியும்?"

வைத்தோம். கடிதமும் பற்றுச்சீட்டுகளும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. கையொப்பத்தை மட்டும் மறைத்தோம். அது சங்கத்தின் கடிதம், தனியொருவரின் குற்றம் அல்ல. அந்த ஆண்டில் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பக்கத்தில் எழுதினோம். இன்று இந்த மண்டபத்தில், இந்தச் சங்கத்தின் மேடையிலேயே அதைச் சொல்ல விட்டிருக்கிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் சுமந்த அந்தக் கடைசி வரிசைக் கதிரைக்கு இதுவாவது ஆகட்டும்.

அன்பான சகோதரிகளே, இனி உங்களிடம் கேட்பது. ரொறன்ரோவில், இலண்டனில், சிட்னியில், கொழும்பில், இந்த ஊரிலேயே உங்கள் அலுமாரிகளின் மேல் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அப்பா கிராமச் சபையில் இருந்திருப்பார். மாமி மாதர் சங்கத் தலைவியாக இருந்திருப்பா. பெரியம்மா சந்தைக் குழுவில் இருந்திருப்பா. எறியுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். வரிசையைக் குழப்பாமல் படம் எடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று அம்மாவிடம் இந்த வாரமே கேளுங்கள், அடுத்த விடுமுறைக்கு வைக்காதீர்கள். பேச்சுப் பதிந்த ஒலிநாடாக்கள் இருந்தால் ஓடும் நிலையில் இருக்கும்போதே மாற்றுங்கள். கொடுக்க விருப்பமென்றால் அந்தந்த ஊருக்கே கொடுங்கள். அறை இல்லாத ஊருக்கு ஓர் அறை எடுக்க எல்லோருமாக உதவுவோம். உங்கள் குடும்பத்துக்குப் பெருமை தராத தாள் ஒன்று அதற்குள் இருந்தால் அதையும் சேர்த்தே கொடுங்கள்.

பின்வரிசைத் தங்கைமாரே, உங்களில் யாராவது ஒருநாள் சபைக்குப் போவீர்கள். அன்று குறிப்பு எழுதும் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். பரிசளிப்புக்கு நீங்கள் வந்தால் எங்கே இருத்த வேண்டும் என்று இன்றைய சங்கத்துக்குத் தெரியும்.

பெட்டியை எங்களை நம்பித் தந்த மகளுக்கும், மேல்மாடியைத் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், நெருப்புப்பெட்டி தேடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியைத் தானே தூக்கி வாகனத்தில் ஏற்றிவிட்ட மேசனாருக்கும் எங்கள் நன்றி.